பினாங்கிலிருந்து புதைபடிவம் தேடிக் கிளம்பும் இருவருக்கு

நான் முதன்முதலில் கண்டுபிடித்த புதைபடிவம் ஒரு சிமெண்ட் கட்டி.

தஞ்சோங் தோக்கோங் பக்கம், தண்ணீர் நன்றாக வற்றியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாம்பல் நிறத்தில், தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கல். அதன் உடம்பு முழுக்கச் சிப்பி ஓடுகள் புதைந்திருந்தன. சில முழுசாக, சில பாதி உடைந்து. எத்தனை கோடி ஆண்டுப் பழசோ என்று எனக்குக் கையே நடுங்கியது. கூட்டாளியைக் கூவிக் கூப்பிட்டேன். அவன் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளன். வந்தான், குனிந்து பார்த்தான், காலால் ஒரு புரட்டுப் புரட்டினான். அடியில் துருப்பிடித்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"டேய், எவனோ மிச்சக் கலவையைக் கரையில கொட்டியிருக்கான். சிப்பியெல்லாம் அதுல ஒட்டி இறுகிப்போச்சு. இதுக்குப் போயி இந்தக் கூச்சலா?"

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பல தடவை கிளம்பியிருக்கிறோம். உண்மையான புதைபடிவங்களையும் பார்த்துவிட்டோம். புதிதாக ஆசைப்பட்டு வருகிறவர்கள் எங்களைப் போல ஓர் ஆண்டை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒருவராகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கரையில் என்ன கல் இருக்கிறது என்று கேட்பதுதான் சரி. கடலும் மணலும் எல்லா ஊரிலும் உண்டு. எல்லாக் கல்லிலும் புதைபடிவம் இருக்காது.

நமக்குத் தெரிந்த இரண்டு முருகன் கோயில்களை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறுகிறோமே, அந்த மலை கிரானைட். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகியது. வயது சுமார் 20 கோடி ஆண்டு. அந்தக் குழம்புக்குள் ஓர் உயிரும் வாழ்ந்திருக்க முடியாது. எனவே அதில் புதைபடிவமும் கிடையாது. பத்துமலையில் 272 படி ஏறிப் போகும் குகையோ சுண்ணாம்புக்கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறும் ஓடுகளும்தான் அந்த மலை. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிப் போகிறவர்கள் ஒரு பழைய கடல் தரையில்தான் ஏறுகிறார்கள். (பிற்காலத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் பத்துமலைக் கல் பெரும்பாலும் பளிங்காக மாறிவிட்டதால் அதில் ஓடுகளைக் காண்பது கடினம். ஆனால் அங்குள்ள ஒரு குகையின் மண்படிவில் பழைய காலத்து ஒராங் ஊத்தான் பற்களை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். அது மலையைவிட மிகமிகப் பிந்தியது.)

ஆக, பினாங்குக் கரைகளான பத்து பெரிங்கியிலும் தெலுக் பஹாங்கிலும் நீங்கள் பார்க்கும் உருண்டைப் பாறைகள் எல்லாம் தண்ணீர்மலையின் தம்பிகள். அங்கே நாள் முழுக்கக் குனிந்தாலும் முதுகுவலிதான் கிடைக்கும்.

இரண்டு கல்லையும் பிரித்தறிவது சுலபம். கிரானைட்டை உற்றுப் பார்த்தால் கற்கண்டு போல மின்னும் துகள்கள், வெள்ளைக் கட்டங்கள், கருப்புப் புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பினாங்குப் பாறைகள் சிலவற்றில் அந்த வெள்ளைக் கட்டங்கள் விரல் நீளம்கூட இருக்கும். புதியவர்கள் அதை எலும்பு என்று நினைத்துவிடுவது உண்டு. சுண்ணாம்புக்கல் ஒரே சாம்பல் நிறமாக, மாவு அரைத்தது போலச் சீராக இருக்கும். கத்தி முனையால் கீறினால் கோடு விழும். கீறிய பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெல்ல நுரைக்கும். இந்தச் சோதனையைக் கரையில் உதிர்ந்து கிடக்கும் கூழாங்கல்லில் மட்டும் செய்யுங்கள். பாறையில் கை வைக்க வேண்டாம்.

பயிற்சிக்குப் பினாங்கு போதும்

புதைபடிவம் இல்லாத கரைக்கு எதற்குப் போக வேண்டும்? எது புதைபடிவம் இல்லை என்று கண்ணுக்குப் பழக வேண்டும், அதற்குத்தான். உண்மையான புதைபடிவம் இருக்கும் லங்காவித் தீவுக்குப் படகுக்காசு கொடுத்துப் போய், அங்கே நின்றுகொண்டு சிமெண்ட் கட்டிக்குக் கத்தினால் நஷ்டம் யாருக்கு?

தஞ்சோங் பூங்கா என்ற கடற்கரை ஊரில் தண்ணீர் வற்றிய நேரத்தில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். ஏமாற்றுக்காரர்கள் எல்லோரையும் அங்கேயே சந்தித்துவிடலாம். பாறையில் கூட்டமாக ஒட்டியிருக்கும் சிப்பிகள் இன்றைக்கு வாழ்பவை. சின்ன எரிமலை வாய் போல இருக்கும் வெள்ளைக் கூம்புகளும் அப்படித்தான். வெள்ளையாக, லேசாக, துளைதுளையாகக் கிடப்பவை பக்கத்துத் தீவுகளின் பவளத்திலிருந்து அலை ஒதுக்கிய துண்டுகள். கிரானைட்டில் சப்பாத்தி அளவு கருந்திட்டுகள் தெரிந்தால், அவை பாறைக்குழம்பு இறுகும்போது உள்ளே சிக்கிக்கொண்ட வேறு கல். வெடிப்புகளில் பெரணிச்செடி போலக் கருப்பாகப் படர்ந்திருப்பது செடியே இல்லை, மாங்கனீசு ஆக்சைடு என்ற தாது. அதைப் பார்த்து ஏமாறாதவர் யாரும் இல்லை. நானும் ஏமாந்தவன்தான்.

கூட்டாளி ஒரு கேள்வியை மந்திரம் போல வைத்திருக்கிறான்: "ஒட்டியிருக்கா, உள்ள இருக்கா?" ஓடு கல்லின் மேல் ஒட்டியிருந்தால் அது இன்றையது. கல் உடைந்த முகத்தில், கல்லோடு கல்லாக, அதே வழவழப்பில் ஓட்டின் குறுக்குவெட்டு தெரிந்தால் நின்று பார்க்கலாம். பிறகு இன்னொரு கேள்வி: ஒன்றுதான் இருக்கிறதா, அதே மாதிரி பக்கத்திலும் இருக்கிறதா? கடலடியில் ஓடுகள் கூட்டமாகத்தான் புதையும். ஒரே பாறையடுக்கில் ஒரே உருவம் மூன்று நான்கு முறை தெரிந்தால் நம்பிக்கை வரலாம். அதிலும் கம்பி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பயிற்சிக்கூடமும் உண்டு, அதற்கு வெயிலே வேண்டாம். சில ஹோட்டல்களிலும் பேரங்காடிகளிலும் தரைக்கு மெருகேற்றிய சுண்ணாம்புக்கல் பதித்திருப்பார்கள். அதில் நத்தையும் சிப்பியும் வெட்டுப்பட்டு அழகாகத் தெரிவது உண்டு. வீட்டுக்காரம்மா கடைக்குள் இருக்கும் நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நடங்கள். குனிந்து நடக்கும் ஆளைப் பாதுகாவலர் பார்க்கும் பார்வைக்கு நான் பொறுப்பில்லை.

பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருக்கும் வீடுகளில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லுக்குள் இருக்கும் சக்கரம், அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் ஓடு. பெருமாளின் சக்கரம் என்று நம் பாட்டிமார்கள் துளசி போட்டு வணங்கியது, இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலின் உயிரை. புதைபடிவத்தைக் கையில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொடும் முன் பாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

பினாங்கின் பெருநிலப் பகுதியில், கெப்பாலா பத்தாஸ் பக்கம், குவார் கெப்பா என்ற இடம் இருக்கிறது. அங்கே கிடைத்தவை புதைபடிவங்கள் அல்ல. பழங்கால மனிதர்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடுகளின் மேடுகள். கெப்பா என்பதே ஒரு வகைச் சிப்பியின் மலாய்ப் பெயர். 1860இலேயே அங்கே தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். மேடுகளில் பெரும்பகுதியைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்பது சோகம். 2017இல் அங்கே 5,000 ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. பினாங்குப் பெண் என்றே அவளுக்குப் பெயர். இன்று அந்த இடம் கடலிலிருந்து தள்ளியிருக்கிறது. அவள் காலத்தில் கடல் மட்டம் உயர்ந்து கரை பக்கத்தில் இருந்தது. கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தடவை போய் வாருங்கள்.

எடுக்கக் கூடாது

இதைக் கடைசியில் சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதனால் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் தேடுவது பார்ப்பதற்கு. எடுத்துக்கொண்டு வருவதற்கு இல்லை.

லங்காவி 2007இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற உலகப் புவிப்பூங்காவானது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதலாவது. மச்சின்சாங், கிலிம், டாயாங் புந்திங் ஆகிய மூன்றும் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகள். அங்கே கல்லை உடைப்பதும் பெயர்ப்பதும் குற்றம். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒரு புதைபடிவம் எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் அதன் கதை முழுக்க இருக்கிறது. பெயர்த்து வீட்டு அலமாரியில் வைத்தால் அது தூசு துடைக்க வேண்டிய இன்னொரு சாமான், அவ்வளவுதான்.

ஆகையால் சுத்தியல் வேண்டாம். வெளிநாட்டுக் காணொளிகளில் சுத்தியலும் உளியுமாக இறங்குவதைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். அவர்கள் ஊர் விதி வேறு.

தண்ணீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம்

இந்தப் பொழுதுபோக்கில் ஆளைக் கொல்லக்கூடியவற்றில் முதலாவது இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கத்துக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். மலாயில் ஏறுவது ஆயர் பாசாங், இறங்குவது ஆயர் சுரூட். நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்று காலை ஏழு மணிக்கு வற்றியது என்றால் இன்று எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பாக வற்றும்.

எவ்வளவு வற்றும் என்பதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக இறங்கும். உச்சம் அதே நாளில் வராது, ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். அந்த நாட்களில் பினாங்கு, லங்காவி பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். ஓர் ஆள் உயரத்தைவிட அதிகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். லங்காவியில் 99 தீவுகள் என்பார்கள். தண்ணீர் வற்றினால் 104 என்றும் சொல்வார்கள். அந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில் நின்றுகொண்டு நேரத்தை மறந்துவிடக் கூடாது.

சரியான நேரத்துக்கு ஜூப்பெம் எனப்படும் நில அளவைத் துறை வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள். கைப்பேசிச் செயலிகளும் உண்டு. ஆனால் எந்தச் செயலியையும்விட நான் நம்புவது படகுக்காரரை. "பாங், ஆயர் சுரூட் புக்கோல் பெராப்பா?" (அண்ணே, தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றும்?) என்று கேளுங்கள். அவர் வானத்தைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார், ஒரு நேரம் சொல்வார். அட்டவணையும் அவரும் ஒத்துப்போனால் கிளம்பலாம்.

தண்ணீர் உச்சமாக வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இறங்கிவிடுங்கள். இறங்கும் தண்ணீரைத் தொடர்ந்து நடங்கள். அது நின்று திரும்பும் நேரத்தில் நீங்களும் திரும்ப வேண்டும். "இன்னும் தண்ணீர் தூரத்தில்தானே இருக்கிறது" என்ற நினைப்புத்தான் பொறி. தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் மணி நேரத்தில் ஏறுவதே தெரியாது. மூன்றாவது நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். நாங்கள் இரண்டாவது தடவை போனபோது பையை ஒரு பாறை மேல் வைத்துவிட்டு இருவருமே குனிந்துவிட்டோம். நிமிர்ந்தபோது பாறையைக் காணவில்லை. பை மட்டும் மிதந்தது. உள்ளே நாசி லெமாக் இரண்டு பொட்டலம்.

ஒருவர் கல்லை, ஒருவர் கடலை

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி. ஒருவன் கல்லைப் பார்த்தால் மற்றவன் கடலைப் பார்க்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வோம். கடலைப் பார்ப்பவன் கைப்பேசியில் நேரம் வைத்திருப்பான், பையைச் சுமப்பான், மேலே பாறை உதிர்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பான். சுண்ணாம்புக்கல் செங்குத்துச் சுவர்களுக்கு நேர் அடியில் உட்காருவது ஆபத்து. கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள்.

பாதுகாப்புக்கு மட்டும் இல்லை, கண்ணுக்கும் இது நல்லது. இருபது நிமிடம் கல்லையே பார்த்தால் கண் மங்கி, எல்லாமே நத்தையாகத் தெரிய ஆரம்பிக்கும். கடலைப் பார்த்துவிட்டு வந்தவன் புதுக் கண்ணோடு வருவான். நான் மூன்று முறை கடந்துபோன பாறையில் அவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருக்கிறான். அதை அவன் இன்றும் சொல்லிக்காட்டுகிறான், அது வேறு விஷயம்.

கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். உங்களைப் போலவே ஆர்வத்தில் எகிறுகிற ஆள் வேண்டாம். சந்தேகப்படுகிற ஆளாகப் பாருங்கள். "இது சிமெண்ட்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன்தான் இதற்கு ஏற்றவன்.

பையில் வைக்க வேண்டியவை

பிடிப்புள்ள ரப்பர் அடி கொண்ட காலணி முக்கியம். சிலிப்பர் போட்டு வராதீர்கள். பாசிப்பாறையில் வழுக்கும், ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கத்தி போலக் கிழிக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, மெல்லிய பல்துலக்கும் பிரஷ், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்னப் புட்டி, கைவிளக்கு, பள்ளிக்கூட அளவுகோல். குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், பென்சில். நனைந்தாலும் எழுத்து கரையாது. கைப்பேசிக்குத் தண்ணீர் புகாத உறை. குடிக்க ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. சாப்பாடு புங்குஸ் கட்டிக்கொள்ளுங்கள். லங்காவிக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு தெரியும், அதனால் உணவை ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள்.

வினிகர் ஒரு பெரிய புட்டி. கல் சோதனைக்குச் சில சொட்டுத்தான் ஆகும். மீதி ஜெல்லிமீனுக்கு. நம் கடலில், பினாங்கிலும் லங்காவியிலும், பெட்டி வடிவ ஜெல்லிமீன் உண்டு. அது கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகலாம். தண்ணீருக்குள் இறங்க வேண்டிய இடத்தில் நீளக் காற்சட்டை போடுங்கள். கொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. தாராளமாக வினிகரை ஊற்றி 999ஐ அழையுங்கள். சேற்றுத் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் மண்ணில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.

லங்காவிக்குப் போவது

மழை குறைந்த மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை. செப்டம்பர், அக்டோபரில் போக வேண்டாம், மழை பிய்த்துவிடும்.

பட்டர்வொர்த்தில் கோமுட்டர் ரயில் ஏறி ஆராவ்வில் இறங்கி, அங்கிருந்து கிராப் வாடகைக்கார் பிடித்துக் கோலப் பெர்லிஸ் போய்ப் படகு ஏறுவது எங்கள் வழி. கடலில் ஒன்றேகால் மணி நேரம். அலோர் ஸ்டார் பக்கம் கோலக் கெடா வழியாகவும் போகலாம், கடல் பயணம் கொஞ்சம் நீளம். ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். தண்ணீர் வற்றும் நேரம் உங்கள் படகு நேரத்துக்காகக் காத்திருக்காது. இரண்டு இரவு தங்குங்கள்.

லங்காவியை ஒரு பழைய நூலகம் போல நினைக்கலாம். வடமேற்கில், கேபிள் கார் ஏறுகிறோமே, அந்த மச்சின்சாங் மலை நாட்டிலேயே மிகப் பழைய பாறை. சுமார் 50 கோடி ஆண்டுப் பழைய மணற்கல். புதியவர்களுக்கு அங்கே புதைபடிவம் கண்ணில் படுவது அரிது. ஆனால் அந்தக் காலத்து அலை மணலில் விட்டுப்போன வரிவரியான தடங்கள் கல்லாகக் கிடக்கின்றன. அதே பாறையின் தொடர்ச்சியான ஜெமுருக் என்ற சின்னத் தீவில் ட்ரைலோபைட் கிடைத்தது, பாறையின் வயதைச் சொல்ல உதவியது. ட்ரைலோபைட் என்றால் மரவட்டையும் நண்டும் கலந்தது போல ஒரு கடல் பூச்சி. இன்று உலகில் ஒன்றுகூட இல்லை.

நீங்கள் போக வேண்டியது வடகிழக்கு: கிலிம் சதுப்புநிலக் காடு, அதற்கு அப்பால் லங்குன் தீவு. ஸெத்துல் சுண்ணாம்புக்கல் என்று பெயர், வயது 40 கோடியிலிருந்து 48 கோடி ஆண்டு வரை. கிலிம் படகுத்துறையிலோ தஞ்சோங் ரூவிலோ படகை முழுதாக வாடகைக்கு எடுக்க வேண்டும், ஆள் கணக்கு இல்லை. வழக்கமான சுற்றில் வௌவால் குகை, கழுகு, மீன் பண்ணை என்று காட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். லங்குன் கரையில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்று ஏறும் முன்பே பேசி முடியுங்கள். திரும்ப வரும் நேரத்தைப் படகுக்காரரோடு உறுதி செய்துகொண்டு அவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தென்மேற்கில் சிங்கா பெசார், தெப்போர் போன்ற தீவுகளில் கருஞ்சேற்றுக்கல். சுமார் 30 கோடி ஆண்டுப் பழசு. அங்கே சிப்பி வகைகள் இருந்தாலும் எனக்குப் பிடித்தது வேறு. மென்மையான சேற்றுக்கல்லுக்கு நடுவே திடீரென்று சம்பந்தமே இல்லாத உருண்டைக் கல் ஒன்று உட்கார்ந்திருக்கும். மிதந்துவந்த பனிப்பாறை உருகியபோது அதில் சிக்கியிருந்த கல் கடலடிச் சேற்றில் விழுந்தது அது. இந்த நிலத்துண்டு அப்போது தெற்கே, ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்த பெருங்கண்டத்தின் ஓரத்தில் குளிரில் கிடந்தது. ஐஸ் கச்சாங்கைத் தவிர வேறு பனியைப் பார்க்காத ஊரில் அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது மறக்க முடியவில்லை.

டாயாங் புந்திங் தீவுச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் வெந்து பளிங்காகிவிட்டது. ஏரியில் குளித்துவிட்டு வரலாம்.

பார்க்கும் முறை

நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. குந்தி உட்கார்ந்து, பாறையிலிருந்து ஒரு முழம் தள்ளி முகத்தை வையுங்கள். ஒரு சதுர மீட்டர் பாறைக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது, மேடுபள்ளம் தெரியாது. காலையிலும் மாலையிலும் வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் உருவங்கள் எழுந்து நிற்கும். நடுப்பகலில் பார்க்க வேண்டியிருந்தால் கூட்டாளியை வெயிலை மறைத்து நிற்கச் சொல்லி, கைவிளக்கைப் பக்கவாட்டில் அடியுங்கள். பிறகு தண்ணீர் தெளியுங்கள். உலர்ந்த சுண்ணாம்புக்கல் ஊமை. நனைந்ததும் ஓடுகளின் கோடுகள் கருப்பு வெள்ளையாகப் பேசத் தொடங்கும். கடல் அரைத்து வழவழப்பாக்கிய முகங்களைத் தேடுங்கள்.

என்ன தேட வேண்டும்? முழு மிருகத்தை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் பார்க்கப்போவது வெட்டுமுகம். முறுக்குச் சுற்றியது போல ஒரு சுருள் இருந்தால் நத்தை. நீளமான கூம்பு, அதன் குறுக்கே ஏணிப்படி போலக் கோடுகள் இருந்தால் நாட்டிலாய்டு. கணவாயின் பழைய சொந்தக்காரன், அறை அறையாகப் பிரிந்த நேரான ஓட்டின் கடைசி அறையில் வாழ்ந்தது. சட்டைப் பொத்தான் போல வட்டம், நடுவில் துளை என்றால் கடல் அல்லியின் தண்டுத்துண்டு. பெயர்தான் அல்லி, அது செடி இல்லை, நட்சத்திர மீனின் உறவு. லங்குன் தீவில் கருப்பு ஏடு ஏடான கல்லும் இருக்கிறது. அதில் பென்சிலால் கீறியது போல மெல்லிய கோடு, ஓரத்தில் ரம்பப் பல் இருந்தால் கிராப்டோலைட், கூட்டமாக வாழ்ந்த பழங்காலக் கடல் உயிரி. கைலென்ஸ் இல்லாமல் அதைக் கீறல் என்றே நினைத்துவிடுவீர்கள்.

சிப்பி போன்ற ஒன்றைச் சேற்றுக்கல்லில் பார்த்தால், ஓட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு மனதில் போடுங்கள். இடமும் வலமும் அச்சாக ஒத்துப்போனால் அது பிராக்கியோபாட், சிப்பி போலத் தெரிந்தாலும் வேறு இனக் கடல் உயிரி. ஒத்துப்போகாமல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் நாம் சாப்பிடும் கெராங் சிப்பியின் வம்சம். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே கூட்டாளி முன்னால் பெரிய ஆள் மாதிரி நிற்கலாம்.

சுண்ணாம்புக்கல்லில் நேர்நேராக ஓடும் வெள்ளைக் கோடுகளை நம்பாதீர்கள். அவை வெடிப்பில் படிந்த கால்சைட் என்ற தாது. விரல் நுழையும் வட்டத் துளைகளும் வேண்டாம், கல்லைத் துளைத்து வாழும் இன்றைய சிப்பியின் வேலை அது.

பார்த்ததை எழுதி வையுங்கள்

ஒவ்வொன்றுக்கும் மூன்று படம். முதலில் பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒன்று. பிறகு பாறை முழுவதும் தெரிய ஒன்று. கடைசியாக, கூட்டாளியைப் பக்கத்தில் நிறுத்தி, கரையும் மலையும் தெரிய ஒன்று. அளவுகோல் மறந்துபோனால் ஐம்பது காசு நாணயம் வையுங்கள். தேதி, நேரம், தண்ணீர் நிலை, கல்லின் நிறம், அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு வரி. "அழகான நத்தை" என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது.

இதுவரை பார்க்காத ஏதாவது, முக்கியமாக எலும்போ பல்லோ போலத் தெரிந்தால், தொடாமல் படத்தையும் இடத்தையும் கனிமவள, புவி அறிவியல் துறைக்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் புவியியல் பிரிவுக்கோ அனுப்புங்கள். முகநூலில் சரியான இடத்தோடு போட்டுவிடாதீர்கள். அடுத்த வாரமே யாராவது உளியோடு போய் நிற்பார்கள். படத்தில் பார்த்ததை நேரில் ஒப்பிட ஆசையாக இருந்தால் ஈப்போவில் அந்தத் துறையின் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

என் கைப்பேசியில் இப்போது 200க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. வீட்டில் ஒரு கல்கூட இல்லை. கூட்டாளி வீட்டில் மட்டும் ஒன்று இருக்கிறது. தஞ்சோங் தோக்கோங் சிமெண்ட் கட்டியை அவன் அன்றைக்கே மோட்டாரில் வைத்துக் கொண்டுபோய்விட்டான். அவன் வீட்டுக் கேட் காற்றில் மூடாமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறான். வருகிறவர்களிடம் எல்லாம் அது யார் கண்டுபிடித்தது என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுகிறான்.